அறிதிறன்: உளப்பிறழ்வு அபாயமுள்ள இளையோரில்

இல்லாத குரல் கேட்பதும் ஆதாரமற்ற நம்பிக்கை வேரூன்றுவதும் உளப்பிறழ்வின் அறிகுறிகள். அவை முற்றுவதற்கு முந்தைய அபாய நிலையிலேயே, கேட்ட சொற்களை நினைவில் இருத்துதல், விரைந்து செயல்படுதல் ஆகிய அறிதிறன்கள் சற்றுக் குன்றியிருப்பதும், பின்னர் நோய்க்கு ஆளாகும் சிறுபான்மையினரிடம் அக்குறை கூடுதலாக இருப்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. 1 முதல் 9 வரையான எண்களுக்குரிய குறிகளை மேலே பார்த்துக் கீழ்க்கட்டங்களில் குறித்த நேரத்துக்குள் நிரப்பச் செய்வது வழக்கமான சோதனைகளுள் ஒன்று. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்று ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்குப் போன ஒடுகத்தூர் இளைஞர் பென்சில் பிடித்தே பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்பதால், படித்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளாத மதிப்பெண் நோயைவிடப் பள்ளியிழப்பையே காட்டும். இத்தகையோர் உதவி நாட, ஆம்பூர், ஒடுகத்தூர் வட்டாரத்துக்கு அண்மையில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் உள்ளது. உளப்பிறழ்வு நோய்களுள் ஒன்றான மனச்சிதைவின் ஆய்வுக்கென மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் ஸ்கார்ஃப்.