காந்தத்துக்குள் முதலில் போனவர்கள்

1977 ஜூலை 3. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில், லாரி மின்காஃப் என்ற ஒல்லியான இளைஞர் பெரிய காந்தம் ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்தார். மார்பைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். ஏறத்தாழ 5 மணி நேரம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, புள்ளி புள்ளியாக அளந்து, மார்பின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைச் சேர்த்தார்கள். கரடுமுரடான படம்தான். ஆனால் ஒரு முழு ஆளை உள்ளே வைத்து, கத்தியோ எக்ஸ்ரேயோ இல்லாமல் எடுத்த படம்.

மின்காஃப்புக்கு முன் அதே காந்தத்துக்குள் போய் வந்தவர் அவருடைய தலைவர் ரேமண்ட் டமேடியன். அவரிடமிருந்து சமிக்ஞையே வரவில்லை. சுருளுக்கு அவர் உடம்பு பெரிது என்று கூட்டாளிகள் முடிவு கட்டினார்கள். உடனே மின்காஃப் முன்வந்துவிடவும் இல்லை. சில வாரங்கள் பொறுத்து, தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் சம்மதித்தார். சாமர்த்தியசாலி.

எம்.ஆர்.ஐ. வரலாற்றைப் பரிசுகளின் வரிசையாகச் சொல்வதுதான் வழக்கம். யார், எது உள்ளே போனது என்று பார்த்துக்கொண்டே போனால் அது இன்னும் சுவையான கதை.

முதலில் போனது மெழுகு. 1945-46-இல் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழு பாரஃபின் மெழுகையும், ஸ்டான்ஃபோர்டில் ஃபீலிக்ஸ் பிளாக் குழு தண்ணீரையும் காந்தத்துக்குள் வைத்து, ஹைட்ரஜன் அணுக்கருக்களின் முணுமுணுப்பைத் தனித்தனியே கேட்டார்கள். வலுவான காந்தப்புலத்தில் அந்தக் கருக்களில் ஒரு சிறு பங்கு ஒரே திசையைப் பார்த்து நிற்கும். சரியான அலைவரிசையில் ரேடியோ அலையை அனுப்பினால் தடுமாறும். அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது தாமே மெல்லிய ரேடியோ சமிக்ஞையை வெளியிடும். இருவருக்கும் 1952-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதன்பின் கால் நூற்றாண்டு இந்தக் கருவி பெரும்பாலும் வேதியியல்காரர்களின் சொத்தாகவே இருந்தது. உடம்பு பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன் உண்டு என்பது தெரியாத விஷயமல்ல. அந்தப் பக்கம் போனவர்கள் குறைவு.

போனவர்களில் ஒருவர் டமேடியன். எலிகளின் புற்றுக்கட்டித் திசுவில் அந்தத் திரும்பும் நேரம் சாதாரணத் திசுவைவிட நீளுகிறது என்று 1971-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். ஆனால் அந்த அளவு, திசு எப்படிப்பட்டது என்பதைச் சொன்னதே ஒழிய, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

அந்த ‘எங்கே’வுக்கு விடை பென்சில்வேனியாவில் ஒரு ஹாம்பர்கர் உணவகத்தில் கிடைத்தது. 1971 செப்டம்பரில், எலித் திசுச் சோதனை ஒன்றை நேரில் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்த வேதியியலாளர் பால் லாட்டர்பர், காந்தப்புலத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைக்காமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சரிவாக வைத்தால் என்ன என்று யோசித்தார். புலம் கூடினால் அலைவரிசையும் கூடும். எனவே வருகிற அலைவரிசையே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கனநீருக்குள் சாதாரணத் தண்ணீர் நிரம்பிய இரண்டு மெல்லிய குழாய்களை வைத்துப் படமெடுத்தார். ‘நேச்சர்’ இதழ் அந்தக் கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் வாதாடி 1973-இல் வெளிவரச் செய்தார். பிறகு அவருடைய காந்தத்துக்குள் போனது, மகள் கடற்கரையில் பொறுக்கிவந்த குட்டி மட்டி.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் அதே சரிவு உத்தியைத் தனியாகப் பிடித்திருந்தார். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலை கற்கப் போனவர் அவர். அவர் குழு 1977-இல் ஒரு விரலைக் குறுக்காகப் படமெடுத்தது. மறு ஆண்டு முழு ஆளையே உள்ளே வைக்கும் முயற்சி. வேகமாக மாறும் காந்தப்புலம் இதயத்துக்கு ஆபத்தாகலாம் என்ற எச்சரிக்கை இருந்தும், வேறு யாரையும் அனுப்பாமல் மான்ஸ்ஃபீல்டே உள்ளே போனார். வயிற்றுப் படம் கிடைத்தது. இதயம் நன்றாகவே இருந்தது.

இதுவரை போனவர்கள் எல்லாம் ஆரோக்கியமானவர்கள். 1974-இல் சுண்டெலியைப் படமெடுத்திருந்த ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகக் குழு, 1980 ஆகஸ்ட் 28 அன்று மீன்பிடி ஊரான ஃப்ரேசர்பரோவிலிருந்து வந்த ஒரு நோயாளியை உள்ளே அனுப்பியது. மூச்சும் அசைவும் படத்தைக் கலைத்துவிடாத புதிய முறை ஒன்றை ஜிம் ஹட்சிசன், பில் எடல்ஸ்டீன் ஆகியோர் உருவாக்கியிருந்தார்கள். மார்பில் முதன்மைப் புற்றுக்கட்டி, கல்லீரலில் கோளாறு, எலும்பில் புற்றின் பரவல், மூன்றும் தெரிந்தன. சிகிச்சைக்கு உதவக்கூடிய முதல் முழு உடல் எம்.ஆர்.ஐ. என்று மருத்துவ வரலாறு இதைத்தான் குறிக்கிறது.

2003-இல் மருத்துவ நோபல் லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமேடியன் பொறுக்கவில்லை, அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து நியாயம் கேட்டார். புள்ளி புள்ளியாக அளந்த அவர் முறையை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை, சரிவுதான் நிலைத்தது. அந்த வகையில் நோபல் குழுவின் முடிவில் தர்க்கம் உண்டு. ஆனாலும் மூன்று பேர் வரை பகிரக்கூடிய பரிசில் ஓர் இடம் காலியாகவே இருந்தது என்பது உறுத்தத்தான் செய்கிறது.

மூளையின் கதை வேறு தடத்தில் வந்தது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தத்தால் லேசாக ஈர்க்கப்படும் என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-இலேயே காட்டியிருந்தார்கள். 1990-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையைப் படமெடுத்தபோது ரத்த நாளங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. எலி சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்ததும் கோடுகள் மங்கின. மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் தேவைக்கும் அதிகமாகவே பாய்கிறது. அப்படியானால் அந்தப் பகுதி படத்தில் சற்றுப் பிரகாசமாகத் தெரிய வேண்டும். மனிதர்களிடம் அது தெரிகிறது என்பதை, ஊசி மருந்து எதுவும் இல்லாமல், 1992-இல் ஒகாவாவின் குழுவும் பாஸ்டனில் கென்னத் குவாங்கின் குழுவும் அடுத்தடுத்து வெளியிட்டன. ஆக, இயந்திரம் பார்ப்பது சிந்தனையை அல்ல, ரத்தத்தை. நரம்பு செல் சில மில்லி விநாடியில் முடிக்கும் வேலைக்கு, ரத்தம் சில விநாடிகள் கழித்தே பதில் சொல்கிறது.

அடுத்த பத்தாண்டுகளில் காதல், பயம், கடவுள் நம்பிக்கை என்று எதைக் கேட்டாலும் மூளையில் ஒரு வண்ணப் பொட்டு காட்டும் கட்டுரைகள் குவிந்தன. கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், சந்தையில் வாங்கிய செத்த சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் கிடத்திய சோதனையை 2009-இல் வெளியிட்டார்கள். மனிதர்கள் பழகும் காட்சிகளின் புகைப்படங்களை அதற்குக் காட்டி, படத்திலிருப்பவரின் மனநிலை என்ன என்று முறைப்படி கேட்கவும் செய்தார்கள். மீனின் மூளையில் சில புள்ளிகள் ‘ஒளிர்ந்தன’. ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களைத் தனித்தனியே சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும். அதற்கான திருத்தத்தைப் பல ஆய்வுகள் செய்யாமலே விட்டிருந்தன. திருத்தத்தோடு மறுபடி கணக்குப் போட்டார்கள். மீனின் மூளையில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை.