ஜெகதாப்பட்டினத்தை எந்த ஆவணக் கட்டில் தேடுவது?

பழைய வணிக வரைபடம் தேடுகிறவர்கள் முதலில் இடறி விழுவது மாவட்ட எல்லையில்தான். ஜெகதாப்பட்டினம் இன்று புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் பழைய புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது! 1974 ஜனவரியில் புதிய மாவட்டம் பிறக்கும்வரை அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூரைச் சேர்ந்திருந்தது. ஆகவே சமஸ்தானத்தின் தர்பார் கோப்புகளைப் புரட்டிப் பயனில்லை. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தஞ்சாவூர்க் கட்டுகளைக் கேட்க வேண்டும்.

அந்தக் கட்டுகளுக்கும் முந்தைய கடல் வணிகம் என்றால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்து 1781வரை வைத்திருந்த அந்தக் கம்பெனியின் ஏடுகள் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், சென்னை எனச் சிதறிக் கிடக்கின்றன. அந்தக் காலத்து டச்சுக் கையெழுத்தை வாசிப்பவர்கள் சொற்பம். கட்டணம் வாங்கித் தேடித்தரும் ஆய்வாளருக்கு வேலை வருவது இங்கேதான். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமே இப்படியொரு சேவை நடத்துகிறது. கட்டணம் தேடும் நேரத்துக்கு. கிடைக்கும் தாளுக்கு அல்ல.

தேடல் வீணாகும் என்றில்லை. அமெரிக்காவின் ஈரி ரயில் கம்பெனிக்காக டேனியல் மெக்காலம் 1855இல் வரைவித்த மரம் போன்ற நிர்வாக வரைபடத்தை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் பார்க்காமலே எழுதிவந்தார்கள். அதன் பிரதி வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில் இருந்தது. இன்று அதை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

ஆகவே பணம் கட்டுமுன் நூலகப் பட்டியலைப் பாருங்கள். ஊர் அன்று எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதையும் எழுதிக்கொடுங்கள்.