சுழியமாகிப்போன ஓர் எழுத்து

1984 மார்ச்சில் கனடாவின் கியூபெக் நகரில் கயேத்தான் டுகா என்னும் விமானப் பணியாளர் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் பெயர் அமெரிக்க நாளேடுகளில் இடம்பெற்றது. வட அமெரிக்காவுக்கு எய்ட்ஸைக் கொண்டுவந்தவர் அவரே என்பது செய்தி. இந்தப் பழி நீங்க 2016 வரை ஆயிற்று. அதை நீக்கியவை பழைய குருதி மாதிரிகளிலிருந்து மீட்கப்பட்ட வைரஸ் மரபணுத்தொகுதிகள். ஒரு கொள்ளைநோயின் வழித்தடத்தை மரபணு எவ்வாறு காட்டுகிறது, எதைக் காட்டாது என்னும் இரண்டு வினாக்களுக்கும் இவ்வரலாற்றில் விடை உண்டு.

1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஐந்து இளைஞர்களிடம் அரியதொரு நிமோனியா காணப்பட்டதாக முதல் அறிக்கை வெளிவந்தது. அப்போது எச்.ஐ.வி. கண்டறியப்பட்டிருக்கவில்லை. நோய் உடலுறவால் பரவுகிறதா என்று அறிய, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் அவர்களுடைய துணைவர்களின் பெயர்களைக் கேட்டறிந்தனர். லாஸ் ஏஞ்சலிஸ் நோயாளிகளுக்கு வரிசை எண்கள் இடப்பட்டன. வெளியூரிலிருந்து வந்த டுகாவுக்கு, ‘கலிபோர்னியாவுக்கு வெளியே’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்தான ‘ஓ’ அடையாளமாயிற்று. தட்டச்சில் அவ்வெழுத்துக்கும் சுழியத்துக்கும் வேறுபாடு மிகச் சிறிது. 1984இல் பத்து நகரங்களைச் சேர்ந்த 40 நோயாளிகளை இணைத்து ஒரு வரைபடம் அச்சானபோது, நடுவில் இருந்த வட்டம் ‘நோயாளி 0’ ஆகிவிட்டது. ‘பேஷன்ட் ஜீரோ’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் தொடரின் பிறப்பு இதுதான்.

அவர் நடுவில் நின்றதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அவருடைய நினைவாற்றல். பிற நோயாளிகள் பலரால் துணைவர்களின் பெயர்களைச் சொல்ல முடியவில்லை. டுகாவோ எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்களைச் சொன்னார். ஆய்வுக்கு மிகுதியாக ஒத்துழைத்தவரிடமிருந்தே மிகுதியான கோடுகள் கிளைத்தன என்பதை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் மெக்கே விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். இரண்டாவது, காலக் கணக்கின் பிழை. தொற்றுக்கும் நோய்க்குறிக்கும் இடைப்பட்ட காலம் ஓராண்டுக்கும் குறைவு என அன்று கருதப்பட்டது. சிகிச்சை இல்லாதபோது அது சராசரியாகப் பத்தாண்டு என்பது பின்னர்த்தான் தெரியவந்தது. ஆகவே வரைபடத்தின் கோடுகள் உறவைக் காட்டினவேயன்றி, தொற்றின் திசையைக் காட்டியிருக்க இயலாது. டுகாவே வட அமெரிக்காவின் முதல் நோயாளி என்று அக்கட்டுரையும் கூறவில்லை.

அந்தப் பொருளை ஏற்றியது அடுத்து வந்த பொதுவெளி. 1987இல் இதழாளர் ரேண்டி ஷில்ட்ஸ் தம் நூலில் டுகாவின் பெயரை வெளியிட்டார். அந்நூலின் மையக் குற்றச்சாட்டு ரீகன் அரசின் மெத்தனத்தைப் பற்றியது. நாளேடுகள் பற்றிக்கொண்டதோ ஒரு தனிமனிதரின் கதையை.

இனி மரபணுவின் சான்றைக் காணலாம். சுவடிப் பதிப்போடு பழகியவர்களுக்கு அதன் தருக்கம் புதிதன்று. ஏட்டைப் படியெடுப்பவர் ஒரு பிழை செய்தால், அந்தப் படியிலிருந்து எழுதப்படும் படிகளிலும் அப்பிழை தொடரும். ஒரே பிழைகளைப் பகிரும் படிகள் ஒரு குடும்பம். பிழைகளை ஒப்பிட்டுச் சுவடிகளின் வம்சாவளியை வரையலாம். எச்.ஐ.வி.யின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஓர் ஏடு. அதைப் படியெடுக்கும் நொதியிடம் பிழை திருத்தும் திறன் இல்லை. மேலும், பிழைகள் சேரும் வேகத்தை ஓரளவு மதிப்பிட முடியும் என்பதால், இரு படிகளின் பொது மூதாதை எந்த ஆண்டையொட்டி இருந்தது என்பதையும் கணிக்கலாம். சுவடிப் பதிப்பாசிரியருக்கு இவ்வாறான கடிகாரம் எளிதில் வாய்ப்பதில்லை.

மைக்கேல் வொரோபே தலைமையிலான குழு, மெக்கேயையும் உடன்கொண்டு, 1978–79இல் கல்லீரல் அழற்சி ஆய்வுகளுக்காக நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் சேகரிக்கப்பட்டிருந்த சீரம் மாதிரிகளைத் தேடியெடுத்தது. அவற்றில் வைரஸின் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்திருந்தது. துண்டுகளைத் தனித்தனியே பெருக்கி ஒட்டி, ஏறக்குறைய முழுமையான எட்டு மரபணுத்தொகுதிகளை மீட்டனர். 2016 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. வைரஸ் கரீபியத்திலிருந்து நியூயார்க்குக்கு வந்தது 1970ஐ ஒட்டி. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது 1970களின் நடுவில். 1983இல் பெறப்பட்ட டுகாவின் மாதிரியிலிருந்த வைரஸ் மரத்தின் வேரில் இல்லை. நியூயார்க்கின் பிற வைரஸ்களுக்கிடையே நடுக்கிளையொன்றில் இருந்தது. ஆயிரக்கணக்கானோருள் அவரும் ஒருவர்.

இங்கே கதையை முடித்தால் அது பாதி வரலாறே. ஒரு மனிதரை விடுவித்த அதே மரம், கரீபியத்தைப் பாதையில் வைக்கிறது. முந்தைய மரபணு ஆய்வுகள் ஹெய்ட்டியையே சுட்டின. 1980களில் ஹெய்ட்டியர் என்பதாலேயே ஒரு மக்கள் கூட்டம் அமெரிக்காவில் நோயபாயப் பிரிவாகப் பட்டியலிடப்பட்டது. அவர்கள் குருதி கொடுப்பதற்குத் தடை வந்தது. அதை எதிர்த்து 1990இல் பல்லாயிரவர் நியூயார்க்கில் ஊர்வலம் சென்றனர். தனிமனிதரின் தோளிலிருந்து இறக்கிய பழியை ஒரு நாட்டின் தோளில் ஏற்றுவதற்கு மரபணு எவ்வகையிலும் உரிமை தரவில்லை. அது சொல்வது வைரஸின் வழியை மட்டுமே. இரு மாதிரிகள் மரத்தில் அருகருகே இருந்தாலும், இன்னார் இன்னாருக்குக் கொடுத்தார் என்று சொல்லிவிட முடியாது. இடையில் மாதிரி எடுக்கப்படாத எத்தனையோ பேர் இருந்திருக்கலாம்.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய, பாலியல் தொழிலாளர்களின் குருதி மாதிரிகளில்தான் இந்நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் பெரும்பான்மையான ‘சி’ உள்வகை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கு வந்துவிட்டது எனப் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. தேடப்பட்ட இடத்தில் நோய் கிடைத்தது; அப்பெண்கள் அதன் தொடக்கம் அல்லர்.

‘முதலில் கண்டறியப்பட்டவர்’ என்பது ‘முதலில் கொண்டுவந்தவர்’ என்று வழுவுவதற்கு ஒரு சொல்லே போதும். 2021இல் ‘இந்திய வகை’ என்று ஊடகங்கள் அழைத்த கொரோனா திரிபுக்கு உலக சுகாதார நிறுவனம் ‘டெல்டா’ எனப் பெயரிட்டது இதை உணர்ந்துதான். வரிசைமுறைக் கருவிகள் இன்று நாள்கணக்கில் ஒரு வைரஸின் வம்சாவளியைத் தருகின்றன. அதன் கிளைகளுக்கு என்ன பெயர் எழுதுவது என்பது இன்னமும் மனிதர் கையில்தான் இருக்கிறது. டுகாவின் வட்டத்துள் எழுதப்பட்டது ஒரே ஓர் எழுத்து. அதைத் திருத்தி வாசிக்க 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.