நாற்பது வயதுக்கு அப்பால்: முதிய பெண்களின் குருதியும் மரபியல் வரலாறும்

நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் பண்பு இருப்பதை 1952இல் லேமனும் கட்புஷும் வெளியிட்டனர். நீலகிரியை அடுத்த அட்டப்பாடியில், இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் அகளிப் பகுதியிலும் இந்நோய் அறியப்பட்டதே.

அரிவாள் செல் பிறப்போடு வருவது. வயதோடு குருதிச் செல்களில் சேரும் மரபணு மாற்றங்களின் வரலாறு வேறு. அதற்கு வழி திறந்தது முதிய பெண்களின் குருதி. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று கருநிலையிலேயே செயலடங்குகிறது என்று 1961இல் மேரி லயன் முன்மொழிந்தார். எது அடங்கும் என்பது தற்செயல். எனவே குருதியில் இருவகைச் செல்களும் கலந்திருக்கும். முதிய பெண்களில் இக்கலவை ஒருபுறம் சாய்வதை 1996இல் புஸ்க் குழுவினர் காட்டினர். ஒரே தாய்ச்செல்லின் வழித்தோன்றல்கள் பெருகினால் இவ்வாறு நிகழும். 2012இல் அத்தகைய பெண்கள் சிலரிடம் டெட்2 மரபணுவில் பிறழ்வு கண்டறியப்பட்டது. 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடம் இத்தகைய பெருக்கம் உண்டென்றும், அது குருதிப் புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றின் இடரோடு தொடர்புடையதென்றும் 2014இல் வெளிவந்த ஆய்வுகள் தெரிவித்தன.

2023இல் இந்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 40 வயதுவரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வகுத்தது. மரபுவழி நோயைத் தடுக்க அவ்வரம்பு பொருத்தமானதே. ஆயினும் ஊரின் மூத்த பெண்கள் அதற்கு வெளியே நிற்கின்றனர். முதிய பெண்களின் குருதியிலிருந்து பிறந்த அறிவு அகளியின் மூதாட்டியரை எப்போது சென்றடையும் என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா.