பாக்கி நோட்டு

குமாரபாளையத்தில் தறி ஓட்டும் ஒருவர் வேலையை விட்டு நிற்கப் போகிறார் என்று பேச்சு கிளம்பினால், டீக்கடையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பாக்கி எவ்வளவு நிக்குது?" சம்பளம் பற்றவில்லையா, முதலாளி ஏசினாரா, ராத்திரி ஷிப்டு ஒத்துக்கொள்ளவில்லையா என்பதெல்லாம் அப்புறம். தொகை தெரிந்தால் போதும், ஆள் போவாரா மாட்டாரா என்று கேட்டவரே சொல்லிவிடுவார்.

காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, ஜமக்காள ஊர். இந்தப் பக்கம் நாங்கள். ஆற்றோடு கீழே போனால் ஈரோட்டுக்கு எதிரே பள்ளிபாளையம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை இந்தக் கரையில் எல்லோரும் சேலம் மாவட்டக்காரர்கள். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்து, மின் நிலையமும் வந்து, கம்பி ஊருக்குள் இழுக்கப்பட்ட பிறகு, கைத்தறிக் குழி இருந்த வீடுகளில் ஒவ்வொன்றாக விசைத்தறி ஏறியது. 1980களில் லுங்கியோ துண்டோ கைக்குட்டையோ ஓடாத தெரு இல்லை. நாலு தறி வைத்திருந்தவர் எட்டாக்கினார், எட்டு வைத்திருந்தவர் பதினாறாக்கினார். தறி கிடைத்தது, ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆளை இழுக்கக் கையில் கொடுத்த முன்பணம்தான் பாக்கி. வட்டி கிடையாது. வேலையில் இருக்கும்வரை முழுசாகத் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். நிற்கிற அன்றைக்கு ஒரே தொகையாக வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அப்படியொரு பட்டறையில் பாக்கி நோட்டு எழுதியவன் நான். சிவப்புத் துணி முதுகு வைத்த நீள நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் மீட்டர் கணக்குப் பார்த்துக் கூலி போடும்போது, பத்தோ இருபதோ பிடித்து ஓரத்தில் எழுதுவேன். அடுத்த வாரமே அதற்குக் கீழே ஒரு பற்று விழும். மாரியம்மன் நோம்பி. மகளுக்குச் சீர். பையனுக்குக் காதுகுத்து. ஈரோட்டு ஆஸ்பத்திரி. பிடித்தம் எழுதியது பென்சிலில், பற்று எழுதியது பேனாவில். முதலாளியின் உத்தரவு அது. நோட்டு தீர்ந்து புதுநோட்டுப் போடும்போது "முன்பக்க நிலுவை" என்று முதல் வரி எழுதுவதற்குள் எனக்குக் கை கூசும். நான் பார்த்தவரை, ஒருவர் பக்கமும் பிடித்தத்தாலேயே தீர்ந்ததில்லை.

இந்த வழக்கம் விசைத்தறியோடு பிறந்ததல்ல. கைத்தறி நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஊறிப்போன ஏற்பாடு. அந்தக் காலத்துத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001-ல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி இருக்கிறது. படித்தபோது இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். நெசவாளர் நினைத்தால், வாங்கிய பணத்தைத் திருப்பி வைத்துவிட்டு எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம். கொடுத்த வியாபாரிக்கு அந்த வசதி கிடையாது. முன்பணம் அன்றைக்கு நெசவாளர் கையில் இருந்த பிடி. கிழக்கிந்தியக் கம்பெனி நாடாளத் தொடங்கியதும் இதைத்தான் முதலில் உடைத்தது. வேறு வியாபாரிக்கு நெய்யாதபடி தறி வாசலில் சேவகர்களை நிறுத்தியது.

எங்கள் சேலம் சீமை 1792-ல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. துணி கொள்முதலுக்கென்று இங்கே வணிக ரெசிடென்ட் என்றொரு அதிகாரி இருந்தார். அந்தப் பதவியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத்துக்குத் துணியைவிடச் சேலத்து இரும்புக் கல்மேல் ஆசை அதிகம். உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். அதற்குக் கம்பெனியே கடன் கொடுத்தது, ஆலை நொடித்தது. அவர் வாசலில் எந்தச் சேவகனும் போய் நின்றதாகத் தெரியவில்லை.

வேலையை விட்டுப் பேர் வாங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் உண்டு. ராஜாஜி சேலத்தில் நன்றாக ஓடிய வக்கீல் தொழிலை ஒத்துழையாமைக் காலத்தில் விட்டார். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்தார். மோகனூரில் பிறந்த ராமலிங்கம் பிள்ளை நாமக்கல் தாலுக்கா ஆபீசில் எழுத்தர் வேலை பார்த்தார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார், படம் வரைந்து பிழைத்தார், கடைசியில் நாமக்கல் கவிஞர் ஆனார். இவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. விட்டது பெரிய காரியம்தான். ஆனால் இவர்கள் பேரில் எந்த நோட்டிலும் ஒரு பக்கம் இல்லை.

தறிக்காரர் போவது வேறு மாதிரி. தீபாவளி போனஸ் கை மாறிய பிறகுதான் அந்தப் பேச்சே எடுபடும். எங்கள் பட்டறையில் எட்டுத் தறி ஓட்டிய ஒருவர், மீட்டருக்குக் கட்டுபடியாகவில்லை என்று வருஷம் முழுக்கப் புலம்பியவர், ஒரு நாள் காலையில் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான் நின்னுக்கறனுங்க மொதலாளி."

"நில்லு கண்ணு, ஆரு வேண்டாம்னா? பாக்கிய வச்சுப்போட்டு நில்லு."

"மத்தியானம் கொண்டாந்து குடுத்தர்றாங்க."

மத்தியானம் வந்தது அடுத்த தெருப் பட்டறைக்காரர். பையில் பணம். எங்கள் முதலாளியும் அவரும் காபி குடித்தார்கள், நூல் விலை பேசினார்கள். நான் எண்ணி வாங்கி, தறிக்காரர் பேரில் இருந்த பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தேன். அவர் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த ரூபாய் நோட்டுகளில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. அன்று ராத்திரி ஷிப்டுக்கே அங்கே போய்விட்டார். பழைய பாக்கியோடு, வீட்டு ஓடு மாற்றவென்று மேலும் ஒரு தொகை அங்கே அவர் பேரில் ஏறியிருந்தது. போன இடத்திலும் அதே எட்டுத் தறி, அதே பன்னிரண்டு மணி நேரம், மீட்டருக்குச் சில காசு கூடுதல்.

இதைச் சட்டம் என்ன சொல்கிறது? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. வாங்கிய முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால் அதுவும் கொத்தடிமைதான் என்கிறது அது. அந்த வரியை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊரில் பாதித் தெரு கொத்தடிமைத் தெரு. முதலாளிகளோ, "ஆபத்துக்கு உதவுறோம், பாங்கிலயா குடுப்பான்?" என்பார்கள். பவானி, குமாரபாளையம் தறிகளிடையே இருந்து ஆராய்ந்த மானிடவியலாளர் கெர்ட் டி நெவ், இந்தப் பாக்கியைப் பற்றியே 1999-ல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டிப்போடக் கொடுத்த பணத்தைத் தொழிலாளர்கள் பேரம் பேசும் கருவியாகவும் திருப்பிக்கொண்டார்கள், பல முதலாளிகளுக்கு அது ஆளைக் கட்டவே இல்லை என்பது அவர் கண்டது. நோட்டு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் பார்த்தது சரி. ஆனால் பெரிய பாக்கி கேட்டு வாங்க, வேகமாக ஓட்டுகிற கையும் வயசும் வேண்டும். நாற்பது தாண்டி, இருமல் வந்து, ஆறு தறிக்கு இறங்கியவருக்காக எவரும் பையோடு வரமாட்டார். அவருக்கு அதே பாக்கி அசல் விலங்கு. தார் சுற்றிய பெண்களுக்குக் கிடைத்த பாக்கி முதலிலிருந்தே சொற்பம். புருஷன் நின்றால் பெண்டாட்டியும் நிற்க வேண்டும், அவள் பக்கத்தையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்.

என் கதை இதற்குத் தலைகீழ். கணக்குப்பிள்ளைக்குப் பாக்கி கொடுக்கும் பழக்கம் இல்லை. நல்ல தறிக்காரர் வாரத்தில் எடுத்த கூலியைவிட என் சம்பளம் குறைவு, வேலையும் பிடிக்கவில்லை, எந்தக் கிழமையும் சொல்லிக்கொண்டு போகலாம். போகவில்லை. வருஷா வருஷம் தீபாவளிக்குப் பிறகு ஆட்கள் பட்டறை மாறுவதை எழுதிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கட்டுப்பட்டவர்கள் நடந்தார்கள், கட்டில்லாதவன் நகரவில்லை. என்னை எடுக்க எவரும் பணத்தோடு வரப்போவதில்லை என்பது ஒரு காரணம். வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்காரும் வேலை என்று வீட்டில் பெருமை பேசியது இன்னொன்று. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் ஆள் கேட்கிறார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லியும், ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்துவிட்டுத்தான் போனேன். முதலாளி "செரி" என்றார். காபி வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். பாக்கியைத் தீர்க்காமலே பஸ் ஏறியவர்கள் உண்டு. ரிக் வண்டியோடு வடக்கே போர் போடப் போனவர்கள் அங்கேயும் முன்பணம் வாங்கித்தான் போனார்கள். 2008-க்குப் பிறகு சில வருஷம் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்தது. தறி நின்றால் மீட்டர் இல்லை, மீட்டர் இல்லாவிட்டால் கூலி இல்லை. வீட்டுச் செலவு பாக்கியில் ஏறியது. 2025-ல் பள்ளிபாளையம் பகுதியில் தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் கிட்னி வாங்கிய விவகாரம் வெளியே வந்து, அரசு விசாரணைக் குழு அமைத்தது. வெளியூர்க்காரர்கள் அதிர்ந்து போய் எனக்குப் போன் செய்தார்கள். கடன் அடைக்க உடம்பை விற்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு.

பாக்கி கொடுப்பதில்லை என்று முதலாளிகள் கூடித் தீர்மானம் போடுவதும், ஆள் வராமல் ஒரு மாதத்தில் ஒருவர் ரகசியமாகக் கொடுக்கத் தொடங்குவதும் என் காலத்திலேயே நடந்ததுதான். இப்போது வடமாநிலத்துப் பையன்கள் தறி ஓட்டுகிறார்கள். கூட்டி வருகிற ஆளிடம் முதலாளிகள் முன்பணம் கொடுக்கிறார்கள்; பையன் கைக்கு அதில் எவ்வளவு போகிறது என்று எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.