கைப்பொருளும் கைத்தொழிலும்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில், பதினேழாம் நூற்றாண்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஐந்து வயது வரை அது வாய் திறந்து பேசவில்லை. மனம் நொந்த பெற்றோர் அதனைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று, முருகன் சந்நிதியில் நோன்பிருந்தனர். குழந்தை பேசிற்று, பேசியதோடு நில்லாமல் கந்தர் கலிவெண்பாவையும் பாடிற்று. குமரகுருபரரைப் பற்றி நம் நாட்டார் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு இது. ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் நானும் இதனை மாணவர்க்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆயினும், நேயர்களே, திருச்செந்தூர் சென்றும் பேச்சு வராமலே திரும்பிய குழந்தைகள் எத்தனையோ இருந்திருக்க வேண்டுமன்றோ? கண் திறவாத குழந்தைகளும், கால் ஊன்றாத குழந்தைகளும் இருந்திருக்க வேண்டுமன்றோ? அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின் எவ்வாறு வாழ்ந்தனர்? எத்தொழில் செய்து உண்டனர்? அரசு அவர்களுக்கு எப்போது, எந்த முறையில் கை கொடுத்தது? இந்த வரலாற்றையே இன்று சுருக்கமாகப் பேச விழைகின்றேன்.

பழங்காலத்தில் அவர்களுக்கு இருந்த புகலிடங்கள் இரண்டே. ஒன்று குடும்பம், மற்றொன்று கோயில் வாசல். குடும்பம் தாங்கும் வரை வீட்டுத் திண்ணை. அது தாங்காத நாளில் மண்டபமும் சத்திரமும். சோறு இட்டவர்கள் நல்லவர்களே. ஆனால், இவர்களாலும் ஒரு தொழில் செய்ய இயலும் என்று எண்ணியவர் மிகச் சிலரே.

அந்த எண்ணம் நம் பகுதியில் வேரூன்றிய இடம் பாளையங்கோட்டை. 1890-ஆம் ஆண்டையொட்டி அஸ்க்வித் என்னும் ஆங்கிலேய அம்மையார் அங்கே பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் முறையைத் தமிழ் எழுத்துகளுக்குப் பொருத்தும் முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. பிற்காலத்தில், 1951-இல், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் முறை ஏற்கப்பட்டது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே பாளையங்கோட்டையில் தமிழ்க் குழந்தைகளின் விரல்கள் எழுத்தைக் கற்றுக்கொண்டிருந்தன என்பது நாம் பெருமை கொள்ளத் தக்கது. 1895-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் செவித்திறனற்ற குழந்தைகளுக்கென ஒரு பள்ளியை அவ்வூரிலேயே நிறுவினார். அவர் பெயரைத் தாங்கிய அப்பள்ளி ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இத்தகைய பள்ளிகளில் எழுத்தோடு கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டது. அதாவது, நம் பகுதியில் உதவித்தொகை வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தொழில் வந்துவிட்டது. கோயில் வாசலில் கேட்கப்படாத கேள்வி ஒன்று பள்ளி வாசலில் கேட்கப்பட்டது. ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘உன்னால் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்டார்கள்.

அரசின் பணவுதவி பின்னரே வந்தது. 1962-இல் சென்னை மாநில அரசு ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கத் தொடங்கியது. 1974-இல் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கும் தனியே ஓர் ஓய்வூதியத் திட்டம் ஏற்பட்டது. அக்காலத்தில் அது பெரிய செயல். பட்டினி கிடந்த பல குடும்பங்களில் அது அடுப்பை எரியச் செய்தது. ஆயினும், அத்திட்டத்தின் தலைப்பிலேயே ‘ஆதரவற்ற’ என்னும் சொல் நின்றது. பிழைக்க வழியற்றவர் என்று மெய்ப்பித்தவருக்கே பணம். இதனால் ஓர் எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது: உதவி பெறுபவர் உழைக்கலாகாது, உழைப்பவர் உதவி கேட்கலாகாது.

அந்த எண்ணத்துக்கு நானும் இரையானேன். நான் தலைமையாசிரியராகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிய மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்புத் தேறினான். கைக்கடிகாரம், வானொலி முதலியவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் அவனுக்கு அளவிலா ஆர்வம். நகரத்தில் ஒரு பழுது நீக்கும் கடையில் வேலை கற்க விட்டால் என்ன என்று அவன் தகப்பனார் என்னிடம் யோசனை கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அரசாங்கப் பணத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள். பையன் கடைக்குப் போகிறான் என்று தெரிந்தால் அது நின்றுவிடும். இருக்கிறதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்” என்றேன். ஆசிரியர் சொல்லைத் தகப்பனார் மீறவில்லை. பையன் வீட்டிலேயே இருந்தான்.

அதே காலத்தில், நான் கண் திறந்து பார்த்திருந்தால், எனக்கு மறுமொழி சொல்லக்கூடிய சான்று அருகிலேயே இருந்தது. தென்காசிக்கு அருகே, சிற்றாற்றுப் படுகையில் உள்ள ஆய்க்குடி என்னும் ஊர், 2019 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூர் இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். 1975 ஜனவரி 10 அன்று, உடல்திறன் தேர்வில் உயரத்திலிருந்து வீழ்ந்தார். முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஊர் திரும்பிய அவர் படுக்கையில் கிடந்து நாளைக் கழிக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981-இல், தமக்குச் சிகிச்சை அளித்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை நினைவுகூர்ந்து, அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கீற்றுக் கொட்டகையில் சில குழந்தைகளோடு தொடங்கிய அப்பணி, பள்ளி, மருத்துவப் பயிற்சி, தொழிற்பயிற்சி எனக் கிளைத்தது. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்கர் சங்கரராமன் 1992-இல் அவரோடு இணைந்தார். 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவர்கள் யாருடைய துணையும் இன்றி உழைத்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். காலையில் எழுப்பி அமர்த்த ஒருவர் வேண்டும், நாற்காலி வேண்டும், அது ஏறிச் செல்லச் சாய்தளம் வேண்டும். இத்துணை இருந்ததனாலேயே உழைப்பு நடந்தது.

சட்டமும் மெல்ல மெல்ல இவ்வழிக்கே வந்தது. 1995-ஆம் ஆண்டின் சட்டம் அரசுப் பணிகளில் நூற்றுக்கு 3 இடங்களை ஒதுக்கிற்று. 2016-ஆம் ஆண்டின் சட்டம் அதனை 4 ஆக்கி, குறைபாட்டின் வகைகளை 21 என விரித்தது. தமிழ்நாட்டில் 2010-ஆம் ஆண்டையொட்டி ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் நீங்கி, ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல் அரசு ஏடுகளில் ஏறிற்று.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி என் உள்ளத்தைத் தொட்டது. பிறருக்கு வழங்கும் உதவித்தொகையைக் காட்டிலும், அதுபோன்ற திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கு வழங்குவது நூற்றுக்கு 25 பங்கேனும் கூடுதலாக இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆயிற்று. 1,200-க்கு நான்கில் ஒரு பங்கு 300, கூட்டினால் 1,500. கணக்கு சரியாக இருக்கிறது!

ஏன் இந்தக் கால் பங்கு? குறையோடு வாழ்வதற்கே ஒரு தனிச் செலவு உண்டு. மற்றவர் பேருந்தில் செல்லும் இடத்துக்கு இவர் ஆட்டோ அமர்த்த வேண்டும். தேய்ந்த ஊன்றுகோலையும் கால் தாங்கியையும் மாற்ற வேண்டும். உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் போகும். இச்செலவு, வேலை கிடைத்த அன்று மறைந்துவிடுவதில்லை. வேலைக்குப் போகத் தொடங்கினால் கூடத்தான் செய்யும். ஆகவே, சம்பாதிக்கிறவருக்கு உதவி எதற்கு என்று கேட்பது, நடக்கத் தொடங்கியவனிடமிருந்து ஊன்றுகோலைப் பறிப்பது போன்றது.

அரசின் திட்டங்கள் சிலவற்றில் இவ்வுண்மை விளங்குகிறது. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், படிப்போருக்கும் தொழில் செய்வோருக்கும் வழங்கப்படுகிறது. மோட்டார் பொருத்திய தையல் இயந்திரமும் அவ்வாறே. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் வரும் துணைவரும் கட்டணமின்றிச் செல்லலாம். இவையெல்லாம் உழைக்காதே என்று சொல்லிக் கொடுக்கும் பணம் அல்ல. உழைப்பதற்குக் கொடுக்கும் துணை.

என் மாணவனின் கதையை முடிக்கிறேன். பத்தாண்டுகள் வீட்டில் இருந்த பின், ஒரு நண்பனின் துணையால் கைப்பேசி பழுது நீக்கக் கற்று, பேருந்து நிலையத்துக்கருகே சிறு கடை வைத்தார். இப்போது அவரை ‘அவர்’ என்றே சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பின் ஒருநாள் என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அக்கடைக்குச் சென்றேன். என்னைக் கண்டதும் எழ முயன்றார், அமருமாறு வேண்டினேன். “சார், உங்ககிட்ட காசு வாங்க மாட்டேன்” என்றார். என் பழைய யோசனையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், என் தவறு என்றேன். அவர் கைவேலையை நிறுத்தாமலே, “அப்போ எல்லாரும் அப்படித்தானே சார் சொன்னாங்க” என்றார்.

அந்த மறுமொழி என்னை ஆற்றவில்லை. எல்லாரும் சொன்னதைச் சொல்வதற்கு ஓர் ஆசிரியர் எதற்கு? பெற்றோர்களே, ஆசிரியர்களே, உங்களிடம் இத்தகைய குழந்தை ஒன்று வருமாயின், உரிய சான்றும் உதவித்தொகையும் பெற்றுக் கொடுங்கள். அது அக்குழந்தையின் உரிமை. அதே கையோடு ஒரு தொழிலும் கற்றுக் கொடுங்கள். கைப்பொருளும் கைத்தொழிலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. திருச்செந்தூரில் ஒரு குழந்தைக்குப் பேச்சு வந்தது அற்புதம். பேச்சு வராத குழந்தையும் தன் உழைப்பால் தலை நிமிர்ந்து வாழச் செய்வது மனிதர் செய்யக்கூடிய காரியம். நாம் செய்யத் தவறினால் பழி நம்மையே சாரும்.