தெள்ளுப்பூச்சி இருப்பது நாயிலா, தரையிலா?

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், தென்காசி வட்டாரத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரு தொல்லையும் தொடங்கும். நாய் ஓயாமல் சொறியும். வீட்டாரின் கணுக்காலில் சிவந்த தடிப்புகள் தோன்றும். காரணம் தெள்ளுப்பூச்சி. (உண்ணி வேறு. அதற்கு எட்டுக் கால், குதிக்கவும் தெரியாது.) உடனே வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கரைத்து நாயின்மேல் ஊற்றுவோர் உண்டு. அது நாயைக் கொல்லக்கூடும். நாயைத் தடவும் குழந்தைக்கும் ஆபத்து. அன்றியும், குறியே பிழையானது. தெள்ளின் குடும்பத்தில் பெரும்பகுதி வாழ்வது தரையில். தெள்ளுக்கும் தரைக்கும் உள்ள உறவைச் சோதனைகள் விளக்கிக் காட்டிய வரலாறு, பிளேக் நோயின் கொடுமைக்கு நடுவே நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. எலிகள் செத்து விழுந்த வீடுகளில் மனிதரும் மடிந்தனர். எலியிலிருந்து மனிதனுக்கு நோய் எப்படித் தாவுகிறது? 1898 ஜூன் 2 அன்று கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், தெள்ளு மொய்த்த நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடிச் சாடியில் வைத்தார். நலமான மற்றோர் எலியைக் கம்பி வலைக் கூண்டில் அடைத்து உள்ளே இறக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. ஆயினும் சில நாளில் இரண்டாம் எலியும் பிளேக்கால் இறந்தது. இடையே தாவியது தெள்ளுதான் என்றார் சிமோன். அறிஞர் பலர் நம்பவில்லை.

1905-இல் பிளேக் ஆய்வுக்குழு ஒன்று பம்பாய் பரேலில் பணி தொடங்கியது. கிளென் லிஸ்டன் அதில் முக்கியமானவர். நோய் கண்ட வீடுகளில் கினிப் பன்றிகளை உலவ விட்டார்கள். பசித்திருந்த தெள்ளுகள் அவற்றின்மேல் ஏறிக்கொண்டன. எலி இறந்த பின்னும் தெள்ளு தரையில் காத்திருந்தது என்பது இதனால் விளங்கிற்று. அடுத்த சோதனை இன்னும் அழகானது. தெள்ளு நிறைந்த அறையில் கூண்டுகளைத் தொங்கவிட்டார்கள். தரைக்கு 2 அங்குல உயரத்தில் இருந்த பிராணிக்கு நோய் வந்தது. 2 அடி உயரத்தில் இருந்ததற்கு வரவில்லை!

நீங்கள் இயற்பியல் மாணவரானால் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 2011-இல் கேம்பிரிட்ஜில் சட்டன், பர்ரோஸ் என்போர் முள்ளெலித் தெள்ளை அதிவேகக் காமிராவில் படம்பிடித்தபோது, அது நொடிக்கு 1.9 மீட்டர் வரை வேகத்தில் கிளம்பியது. வேகத்தின் இருமடியை 2g-யால் வகுத்தால் சுமார் 18 செ.மீ. கிடைக்கிறது. நேர் மேலாகக் குதித்தால், அதுவும் காற்றின் தடை இல்லையென்றால், இதுவே எல்லை. 2 அடியோ 61 செ.மீ. இந்தச் சிறு குதிப்புக்கும் தசை மட்டும் போதாது. ரெசிலின் என்னும் ரப்பர் போன்ற புரதமும் சேர்ந்து வில்லாக வளைந்து ஆற்றலைத் தேக்கி, ஆயிரத்தில் ஒரு நொடியளவில் விடுவிக்கிறது.

நாய்த் தெள்ளுக்கு வருவோம். நாயின்மேல் இடும் முட்டை வழவழப்பானது. நாய் படுக்கும் இடத்தில் உதிர்ந்துவிடும். வெளிவரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை இடுக்கில் ஒளிந்து, தாய்த்தெள்ளின் எச்சத்திலுள்ள உலர்ந்த இரத்தத்தைத் தின்று வளரும். ஈரக்காற்று இன்றேல் காய்ந்து சாகும். சாரல் காலம் அதற்குக் கொண்டாட்டமாவது இதனால்தான். பின்பு தூசி ஒட்டிய பட்டுக்கூட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கவும் வல்லது. காலடி அதிர்வு, உடற்சூடு, மூச்சின் கரியமிலவாயு ஆகியவை அதை எழுப்பும். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் கடிபடுவது இதனால்தான்.

ஆகவே நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுங்கள். வெயில் கண்டால் உலர்த்துங்கள். மூலையையும் தரை இடுக்கையும் நாள்தோறும் பெருக்கி, தூசியை எரித்துவிடுங்கள். நாய்க்கு மருந்து கால்நடை மருத்துவர் சொல்வதாக இருக்கட்டும். வீட்டில் எத்தனை நாய், பூனை உண்டோ அத்தனைக்கும் ஒரே சமயத்தில் இடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் புதுத் தெள்ளுகள் தென்படும். மருந்து பொய்த்துவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள். அவை கூட்டில் உறங்கியவை, இப்போதுதான் விழித்து வருகின்றன.